இலைக்கு ஐம்பது

(சோளத்தில் அசுவினிக் கட்டுப்பாடு குறித்து விவசாயிகள், வேளாண் மாணவர்கள் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தானியச் சோளத்தில் அசுவினியைப் பூச்சிமருந்து கொண்டு கட்டுப்படுத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைப் பார்த்ததும் எந்த மருந்து, டேங்குக்கு எத்தனை மில்லி என்று எழுதிக்கொள்ளலாம் என்று பலர் பேனாவோடு வந்திருப்பது தெரிகிறது. அதற்கும் வருவேன். அதற்கு முன்னால், இந்தப் பூச்சியிடம் அமெரிக்கச் சோள விவசாயிகள் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். அங்கே மருந்துக்குப் பஞ்சமில்லை. விமானத்தை வாடகைக்கு எடுத்துத் தெளித்துவிட்டுப் போகிற ஊர். அப்படிப்பட்ட ஊரிலேயே, மருந்து அடித்த பிறகு பூச்சி பெருகிய வயல்கள் இருந்தன. ஏன் பெருகியது என்பது விளங்கிவிட்டால் மில்லிக் கணக்கு தானாகவே விளங்கிவிடும்.

2013ஆம் ஆண்டு. டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய பியூமாண்ட் பகுதி. அங்கே சோளப் பயிரில் ஒரு வெளிர் மஞ்சள் அசுவினி தென்பட்டது. ஆள் புதிதல்ல என்றே முதலில் நினைத்தார்கள். கரும்பு அசுவினி என்ற பெயரில் 1977 முதல் ஃபுளோரிடாவின் கரும்பிலும், 1999 முதல் லூசியானாவின் கரும்பிலும் இருந்த பூச்சிதான். இத்தனை ஆண்டுகளில் அது பக்கத்துச் சோளத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அந்த ஆண்டு பார்த்தது. ஆண்டு முடிவதற்குள் நான்கு மாநிலங்களில் 38 மாவட்டங்கள். 2015 முடிவதற்குள் 17 மாநிலங்கள், 400க்கும் மேற்பட்ட மாவட்டங்கள். எல்லை தாண்டி மெக்சிகோவிலும் அதே கதை. அங்கே அதை மஞ்சள் அசுவினி என்றார்கள்.

பழைய பூச்சி ஏன் திடீரென்று பயிரை மாற்றிக்கொண்டது? மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கரும்பில் இருந்த கூட்டம் வேறு, சோளத்தில் பரவிய கூட்டம் வேறு என்று தெரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தோ ஆசியாவிலிருந்தோ புதிதாக வந்து இறங்கிய ஒரே குலம், அமெரிக்கக் கண்டம் முழுக்கத் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டு பரவியிருந்தது. 2021இல் வகைப்பாட்டியலார் இரண்டையும் தனித்தனி இனங்களாகவே பிரித்துவிட்டார்கள்: கரும்பில் இருப்பது மெலனாபிஸ் சக்காரி, சோளத்தில் இருப்பது மெலனாபிஸ் சோர்கி. மாணவர்கள் தேர்வுக்குக் குறித்துக்கொள்ளுங்கள். விவசாயிக்கு இதனால் பெரிய லாப நட்டம் இல்லை.

அமெரிக்காவில் சோளம் பெரும்பாலும் மனிதர் சாப்பாட்டுக்கு அல்ல. மாட்டுத் தீவனம், எத்தனால், ஏற்றுமதி, இவ்வளவுதான். கான்சாசும் டெக்சாசும்தான் முதன்மை மாநிலங்கள். தண்ணீர் குறைந்த இடத்தில், அதிகச் செலவு இல்லாமல், 'போட்டால் வரும்' என்று நம்பிப் போடுகிற பயிர். நம் மானாவாரிச் சோளத்துக்கும் இதே குணம்தான். இப்படிப்பட்ட பயிரில் ஒரு தெளிப்புக்கு மேல் செலவு செய்தால் லாபத்தில் கை வைத்ததாகிவிடும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது பூச்சியைக் கிட்டத்தில் பார்ப்போம். வயலுக்குப் போனால் மேலிருந்து பார்க்காதீர்கள், ஒன்றும் தெரியாது. செடியின் அடிப்பக்கத்து இலை ஒன்றை மடக்கித் திருப்புங்கள். நடு நரம்பை ஒட்டி வெளிர் மஞ்சளாகவோ சாம்பல் கலந்த மஞ்சளாகவோ, மண் கொட்டிக் கிடப்பது போல ஒரு திட்டு இருக்கும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்சை வைத்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். உடல் வெளுப்பு. பாத நுனிகள் கறுப்பு. பின்பக்கம் புகைக்குழாய் மாதிரி இரண்டு குட்டைக் குழல்கள், அவையும் கறுப்பு. வெளிர் உடம்பில் மை தொட்டு வைத்த மாதிரி அந்தக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் இவர்தான் அவர். குருத்துக்குள் நீலப்பச்சை நிறத்தில் குடியிருப்பது மக்காச்சோள அசுவினி, அது வேறு. அது பெரும்பாலும் பெரிய சேதம் செய்வதில்லை. பொறிவண்டுகளுக்கு முன்கூட்டியே தீனி போட்டு வயலுக்கு வரவழைப்பதால் அதை விட்டுவைப்பதே மேல் என்று கூடச் சொல்லலாம். முதுகில் கரும்பச்சைக் கோடு இருந்தால் அது பச்சை அசுவினி. அதன் கதை தனி, பிறகு வருகிறேன்.

லென்சை எடுக்காமல் இன்னும் சிறிது நேரம் பாருங்கள். பெரிய பூச்சி ஒன்றின் பின்புறத்திலிருந்து குஞ்சு ஒன்று கால்கள் பின்னோக்கி வெளியே வருவதைப் பார்க்கலாம். முட்டை இல்லை, ஆண் இல்லை, கூடல் இல்லை. தாய் மகளை ஈனுகிறது. அந்த மகளின் வயிற்றுக்குள் பேத்தி ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருக்கிறது. பிறந்த குஞ்சு சூடான நாட்களில் ஐந்தே நாளில் தாயாகிவிடும். ஒரு தாய் நான்கு வாரம் வரை இருந்து 34 முதல் 96 குஞ்சுகள் வரை ஈனும். இலைக்கு 50 பூச்சி இருந்த வயல் இரண்டு வாரத்தில் இலைக்கு 500 ஆகிவிடுவதை டெக்சாசில் கண்டார்கள். 'போன வாரம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது' என்று இந்தப் பூச்சி விஷயத்தில் யாராவது சொன்னால் அதில் பொய் இருக்காது. ஆனால் அந்தப் பேச்சால் பயனும் இருக்காது.

சேதம் எப்படி? சாற்றை உறிஞ்சுவதால் இலை சிவந்து காய்கிறது. மணி பிடிக்காமல் போகிறது. எந்தப் பருவத்தில் வந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மிசிசிப்பியில் கட்டுப்படுத்தாமல் விட்டுப் பார்த்த வயல்களில், கதிர் தொண்டைக்கு வருமுன் பூச்சி ஏறிய இடத்தில் 80 சதவீதத்துக்கு மேல் மகசூல் போயிருந்தது. மணி மாவு பிடிக்கும் பருவத்தில் ஏறிய இடத்தில் இழப்பு 20 சதவீதத்தை ஒட்டி நின்றது.

இன்னொரு சேதம் பூச்சியின் வாயால் வருவதல்ல, வாலால் வருவது. உறிஞ்சிய சாற்றில் சர்க்கரை அதிகம், அதற்கு வேண்டிய புரதம் குறைவு. மிஞ்சிய சர்க்கரையைத் தேன்துளியாக வெளியேற்றுகிறது. மேல் இலையின் அடியில் இருக்கும் பூச்சி சொட்டுவது கீழ் இலையின் மேல் விழுகிறது. காலை வெயிலில் தூரத்திலிருந்து பார்த்தால் வயலுக்கு யாரோ எண்ணெய் பூசியது போலப் பளபளக்கும். அதன் மேல் கரும்பூசணம் படரும். அறுவடையில்தான் இதன் முழுக் கொடுமையும் தெரிந்தது. கதிர் அறுக்கும் இயந்திரத்துக்குள் பிசுபிசுத்த இலையும் தட்டையும் போய் அடைத்துக்கொண்டன. பிரிய வேண்டிய மணி, சல்லடையில் பிரியாமல் ஒட்டிய இலையோடு சேர்ந்து இயந்திரத்தின் பின்பக்கமாகத் தரையில் கொட்டியது. செடியில் விளைந்துவிட்ட மணி அது. விளைந்த பிறகு இழப்பது போல் எரிச்சல் தருவது வேறில்லை. பல இடங்களில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினார்கள்.

சரி, மருந்துக்கு வருவோம்.

பூச்சியைக் கண்டதும் விவசாயிகள் கையில் இருந்ததை அடித்தார்கள். கையில் இருந்தவை பைரித்ராய்டுகள். நம் கடைகளில் சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் என்று வாங்குகிறோமே, அதே குடும்பம். சோளத்தில் கதிர்ப்புழுவுக்கும் கதிர் ஈக்கும் பூக்கும் தறுவாயில் வழக்கமாக அடிப்பது. விலை மலிவு, அடித்த உடனே பூச்சி விழுவது கண்ணுக்குத் தெரியும். இந்த அசுவினியிடம் அது எடுபடவில்லை. குளோர்பைரிபாஸ், டைமீத்தோயேட் இரண்டும் ஓரளவு கொன்றன. கொஞ்ச நாளில் பூச்சி பழையபடி ஏறியது.

இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். மருந்து பூச்சியைக் கொல்லவில்லை என்றால் அடிக்காத வயலும் அடித்த வயலும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? பைரித்ராய்டு அடித்த வயலில் அசுவினி கூடுதலாகப் பெருகியது. காரணம், அந்த மருந்து யாரையும் கொல்லாமல் இல்லை. பொறிவண்டைக் கொன்றது. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுவைக் கொன்றது. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே புழு விட்டு வளர்க்கும் மிதவை ஈயைக் கொன்றது. அசுவினியின் உடம்புக்குள் முட்டையிடும் எறும்புத் தலையளவுகூட இல்லாத குளவிகளைக் கொன்றது. அசுவினி மட்டும் இலையின் அடியில் பத்திரமாக இருந்தது. காவல்காரர்களைக் கொன்றுவிட்டுத் திருடனை விட்டுவைத்த கதை.

அந்தக் குளவிகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. குளவி உள்ளே முட்டையிட்ட அசுவினி உப்பி, நகராமல், தோல் தடித்துக் காய்ந்துவிடும். கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வகைக் குளவியின் கூடு வைக்கோல் நிறம், இன்னொரு வகையின் கூடு நீலம் பாய்ந்த கறுப்பு. கறுப்பு வகை அஃபெலினஸ். 2013இல் இந்த அசுவினிக்கு வட அமெரிக்காவில் பெரிய எதிரி இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் உள்ளூர்க் குளவியும் உள்ளூர்ப் பொறிவண்டும் புது விருந்தாளியைச் சாப்பிடப் பழகிக்கொண்டன. வயலில் கறுப்புக் கூடுகள் கணிசமாகத் தெரிந்தால் தெளிப்பைத் தள்ளிப் போட்டு நாலு நாள் கழித்துத் திரும்பவும் பாருங்கள் என்று அங்கே ஆலோசகர்கள் சொல்லும் அளவுக்கு நிலைமை மாறியது.

2014 வசந்தத்தில் டெக்சாஸ் வேளாண்துறை மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் அவசர அனுமதி கேட்டது. சோளத்துக்குப் பதிவாகாத ஒரு மருந்தை நெருக்கடி காலத்தில் குறிப்பிட்ட பயிருக்கு, குறிப்பிட்ட மாநிலத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பயன்படுத்த அங்கே சட்டத்தில் வழி உண்டு. பதினெட்டாம் பிரிவு என்பார்கள். ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. மருந்து சல்ஃபாக்சாஃப்ளோர், வணிகப் பெயர் டிரான்ஸ்ஃபார்ம். ஏக்கருக்கு 21 முதல் 42 கிராம் குருணை போதும். ஆண்டுக்கு 85 கிராமுக்கு மேல் கூடாது. 2015 தொடக்கத்தில் ஃப்ளூபிராடிஃபியூரோன் என்ற இன்னொரு மருந்து முறையான பதிவோடு வந்தது. வணிகப் பெயர் சிவாண்டோ, ஏக்கருக்குச் சுமார் 120 முதல் 200 மில்லி. அமெரிக்கச் சோளத்தில் இந்த அசுவினியைக் கட்டுக்குள் கொண்டுவந்தவை இந்த இரண்டும்தான்.

இரண்டும் இலைக்குள் ஊடுருவுகின்றன. மேல்பக்கம் விழுந்தது அடிப்பக்கம் உறிஞ்சும் பூச்சியை எட்டுகிறது. சாறு உறிஞ்சும் பூச்சிக்குத்தான் முக்கியமாக மருந்து போய்ச் சேருகிறது. பொறிவண்டும் குளவியும் முற்றிலும் தப்பிக்கின்றன என்று விளம்பரக்காரர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பைரித்ராய்டோடு ஒப்பிட்டால் மிஞ்சுவது மிக அதிகம், அவ்வளவுதான். ஆனால் அந்த மிச்சத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மருந்து நூற்றுக்கு 95 பூச்சியைக் கொல்கிறது, மீதி 5 பூச்சியைத் தின்ன வயலில் ஆள் இருக்கிறது. அதனால் ஒரே தெளிப்பில் அறுவடை வரை போன வயல்கள் ஏராளம். முன்பு சொன்னேனே, இந்தப் பயிர் ஒரு தெளிப்புக்கு மேல் தாங்காது என்று. மருந்து யாரைக் கொல்கிறது என்பதைவிட யாரை விட்டுவைக்கிறது என்பதே இந்தப் பூச்சியில் மருந்தின் தரம் என்பேன்.

ஊடுருவும் மருந்துதானே என்று தண்ணீரைக் குறைக்கக் கூடாது. அடர்ந்த சோள வயலில் கீழ் இலைக்கு மருந்து போய்ச் சேரவில்லை என்றால் அங்கிருந்தே பூச்சி மறுபடி கிளம்பும். டிராக்டர் தெளிப்பில் ஏக்கருக்குக் குறைந்தது 38 லிட்டர் என்றார்கள். விமானத் தெளிப்பில் அதில் மூன்றில் ஒரு பங்கு, பாதி என்று இறங்கியபோது பலன் வயலுக்கு வயல் மாறியது. நம் ஊரில் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் அடிக்கிறோம், அந்த வகையில் நமக்குக் கவலை குறைவு. ட்ரோன் வந்த பிறகு பத்து லிட்டரில் ஒரு ஏக்கரை முடிக்கிறோம். இலையின் அடிப்பக்கத்துப் பூச்சிக்கு அதை நம்புவதற்கு முன் ஒரு வரிசையில் அடித்து மூன்றாம் நாள் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது அடிப்பது? என் பேச்சின் மையம் இதுதான்.

டெக்சாஸ் விரிவாக்கப் பூச்சியியலார் வகுத்த முறையை அப்படியே சொல்கிறேன். வாரம் ஒருமுறை வயலுக்குப் போக வேண்டும். வரப்போரத்தில் நின்றுவிடாமல் 25 அடி உள்ளே போக வேண்டும். 50 அடி நீள வரிசையில் நடந்துகொண்டே 15 முதல் 20 செடி பார்க்க வேண்டும். ஒவ்வொரு செடியிலும் மேலே ஓர் இலை, கீழே ஓர் இலை. இப்படி வயலின் நான்கு பக்கமும், ஜான்சன் புல் என்ற களை மண்டிக் கிடக்கும் ஓரத்திலும். மொத்தம் 60 முதல் 80 செடி. கீழ் இலையிலோ நடு இலையிலோ கூட்டம் கண்டுவிட்டால் அன்றிலிருந்து வாரம் இருமுறை.

எத்தனை இருந்தால் அடிப்பது? டெக்சாஸ் கணக்கு, இலைக்கு 50 முதல் 125 வரை. தானிய விலை நன்றாக இருந்து, தெளிப்புக்கூலி குறைவாக இருந்தால் 50இலேயே இறங்கலாம். விலை விழுந்து கூலி ஏறினால் 125 வரை பொறுக்கலாம். மிசிசிப்பிக்காரர்கள் பருவத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். கதிர் தொண்டைக்கு வருமுன் ஐந்தில் ஒரு செடியில் பூச்சி இருந்தாலே அடி. பூக்கும் பருவத்தில் பத்துக்கு மூன்று செடியில் இலைக்கு 50 இருந்தால் அடி. மணி முற்றிவிட்டால் மகசூலுக்காக அடிக்காதே, இயந்திரம் சிக்குமோ என்ற அச்சம் இருந்தால் மட்டும் அடி. டெக்சாஸ் எண்ணுக்கும் மிசிசிப்பி எண்ணுக்கும் இடையே மாணவர்கள் சண்டை போட வேண்டியதில்லை. இரண்டிலும் ஒரு விஷயம் பொது. பூச்சியைக் கண்டவுடன் அடிப்பது எதிலும் இல்லை.

இலையில் 50 அசுவினியை யார் எண்ணுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எண்ண வேண்டாம். 25, 50, 100 பூச்சிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று படம் போட்ட அட்டைகளை அங்கே விரிவாக்கத்துறை அச்சிட்டுக் கொடுத்தது. இலைக்குப் பக்கத்தில் அட்டையை வைத்துப் பார்த்தால் கண்மதிப்பு வந்துவிடும். ஒரு தடவை மட்டும் பொறுமையாக 50ஐ எண்ணிப் பாருங்கள். பெரும்பாலோர் 50 என்று நினைத்தது 200ஆக இருக்கும். பயந்தவர் 200 என்று நினைத்தது 30ஆக இருக்கும்.

காத்திருக்கச் சொல்வதால் தாமதம் செய்யச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லையைத் தொட்ட பிறகு நாலைந்து நாள் விட்டால் போயிற்று. இலைக்கு 500 ஆன வயலில் அதே மருந்து அதே அளவில் 95 சதவீதம் கொன்றாலும் மிச்சம் 25. அங்கிருந்து ஒரே வாரத்தில் திரும்ப எல்லையைத் தொட்டுவிடும். மருந்து வேலை செய்யவில்லை என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்ட வயல்களில் பாதி இப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும்.

இதற்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது. பூக்கும் நேரத்தில் கதிர்ப்புழு வந்தால் விவசாயி என்ன செய்வார்? பழக்கத்தில் பைரித்ராய்டை எடுப்பார். புழு சாகும், அத்தோடு காவலும் போகும். பத்து நாளில் அசுவினி. அதனால் அங்கே புழுவுக்கும் தேர்ந்து கொல்லும் மருந்துக்கு மாறச் சொன்னார்கள். ஒரு பூச்சிக்கு அடிக்கிற மருந்து இன்னொரு பூச்சிக்கு அழைப்பிதழாகும் பயிர் இது. நம் ஊரில் ஒரே டேங்கில் மூன்று மருந்தைக் கலந்து கொடுக்கும் பழக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இருக்கும் கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு நல்ல மருந்து கிடைத்ததும் கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சல்ஃபாக்சாஃப்ளோர் வேறு பல பயிர்களுக்கு 2013 மே மாதம் பதிவானபோதே தேனீ வளர்ப்போர் சங்கங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. 2015 செப்டம்பரில் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதி மேரி ஷ்ரோடர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: தேனீக்கூட்டங்கள் மீது மருந்தின் விளைவு பற்றித் தயாரிப்பு நிறுவனம் கொடுத்த ஆய்வுகள் போதாது என்று முகமையே சொல்லியிருந்தது. அப்புறம் புதிய ஆய்வு எதுவும் வராமலே அளவைக் குறைத்து முழு அனுமதியும் கொடுத்துவிட்டது. இது செல்லாது. பதிவு ரத்தானது. 2016இல் தேனீ நாடும் பயிர்களைத் தவிர்த்துக் கட்டுப்பாடுகளோடு மறுபடி பதிவாயிற்று. அனுமதி பெற்ற பயிர்களில் சோளம் இல்லை. ஆண்டுதோறும் அவசர அனுமதியிலேயே ஓடி, 2019 ஜூலையில்தான் சோளத்துக்கு முறையான பதிவு வந்தது.

சோளம் காற்றில் மகரந்தம் சேரும் பயிர், அதற்கும் தேனீக்கும் என்ன என்று அங்கே பல விவசாயிகள் கொதித்தார்கள். எனக்கு இதில் தேனீ வளர்ப்போர் பக்கம்தான் சாய்வு. சோளக் கதிர் மகரந்தம் உதிர்க்கும்போது தேனீ வராமல் இருப்பதில்லை, காலையில் வயலுக்குப் போகிற யாருக்கும் தெரியும். அதைவிட, அசுவினி சொட்டும் தேன்துளியையே தேனீக்கள் வந்து சேகரிக்கின்றன. எந்த வயலில் மருந்து அடிக்கப் போகிறோமோ அந்த வயலே தேனீயைக் கூப்பிடுகிறது. அவசர அனுமதியில் பூ வருவதற்கு மூன்று நாள் முன்பிருந்து மணி பிடிக்கும் வரை அடிக்கக் கூடாது என்று நிபந்தனை வைத்ததில் அர்த்தம் இருக்கிறது. அந்த நிபந்தனைக்குள் தெளிப்பை அடக்கிக்கொள்ள முடியும், முன்கூட்டியே எண்ணியிருந்தால்.

இன்னொரு கவலை உண்டு. இரண்டு மருந்துகளையும் மாற்றி மாற்றி அடித்தால் பூச்சிக்கு எதிர்ப்புச் சக்தி வராது என்று நினைப்போம். ஆனால் மருந்துகளைச் செயல்படும் விதத்தை வைத்துப் பிரிக்கும் பட்டியலில் சல்ஃபாக்சாஃப்ளோர் 4சி, ஃப்ளூபிராடிஃபியூரோன் 4டி. நமக்குத் தெரிந்த இமிடாகுளோபிரிட் 4ஏ. உட்பிரிவு வேறானாலும் மூன்றும் பூச்சியின் நரம்பில் கை வைக்கும் இடம் ஒன்றே. விதை நேர்த்திக்கு ஒன்று, தெளிப்புக்கு ஒன்று, மறுதெளிப்புக்கு ஒன்று என்று மூன்றையும் ஒரே பருவத்தில் காட்டினால், சட்டையை மாற்றிக்கொண்டு வரும் ஒரே ஆளைப் பூச்சி மூன்று முறை பார்க்கிறது.

இது கற்பனைப் பயம் இல்லை. பச்சை அசுவினியின் கதையைச் சொல்வதாகச் சொன்னேன். 1968இல் அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் கோதுமையில் இருந்த பச்சை அசுவினியின் ஒரு புதுவகை சோளத்துக்குத் தாவியது. பாஸ்பரஸ் வகை மருந்துகளை ஏராளமாக அடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே டெக்சாசில் அந்த மருந்துகளுக்குச் சாகாத பச்சை அசுவினி வந்துவிட்டது. எதிர்ப்புள்ள ரகங்களைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ரகங்களையும் மீறும் இன்னொரு வகை வந்தது. அதைத் தாங்க 1980களில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் டிஎக்ஸ் 2783 என்ற பெற்றோர் வரிசையை வெளியிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து மஞ்சள் அசுவினி வந்து நின்றபோது விதை அலமாரியில் இருந்ததையெல்லாம் போட்டுப் பார்த்தார்கள். டிஎக்ஸ் 2783 பச்சையாக நின்றது. வேறொரு பூச்சிக்காகச் செய்தது, இதற்கும் கேட்டது. அதன் வழிவந்த வீரிய ஒட்டு ரகங்கள் இன்று அங்கே பெருமளவு இருக்கின்றன. அவற்றிலும் பூச்சி ஏறும், ஆனால் மெதுவாக ஏறும். குளவிக்கு அவகாசம் கிடைக்கும். 2014இல் மருந்தைத் தேடி அலைந்த பலர் இப்போது ரகத்தைக் கேட்டு விதை வாங்குகிறார்கள்.

மருந்தே வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஹெய்ட்டி நாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே சோளம் மனிதர் உணவு. 2015இல் இதே அசுவினி வந்தபோது ஏழை மானாவாரி விவசாயிகள் சிவாண்டோவுக்கு எங்கே போவார்கள்? வயல் வயலாகக் காய்ந்தது. சிபாஸ் என்ற சிறிய பயிர் இனவிருத்தி நிறுவனம் அப்போது அங்கே இயங்கியது, கேயல் பிரெசுவார் தலைமையில். அவர்கள் வளர்த்துவந்த செடிகளும் பெரும்பகுதி செத்தன. சில மட்டும் சாகாமல் நின்றன. நின்றவற்றிலிருந்து விதை எடுத்துப் பெருக்கி பாபேபிஷோன் என்ற ரகத்தை விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2022இல் வெளியான ஆய்வு அந்தச் செடிகளுக்கு வலிமை தந்த மரபணுவின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு போய் எத்தியோப்பிய நாட்டுச் சோளத்தில் நின்றது. 1963இல் அமெரிக்கா தொடங்கிய சோள மாற்றுத் திட்டம் வழியாக அது கைமாறி வந்திருந்தது. யாரோ ஓர் எத்தியோப்பியக் குடியானவர் காப்பாற்றி வைத்த விதை, அரை நூற்றாண்டு கழித்துக் கரீபியன் தீவில் சோறு போட்டது. மருந்து பற்றிப் பேச வந்த கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். மகாராட்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் பின்பருவச் சோளத்தில் அசுவினி பழைய தொல்லை. நம் கொங்கு நாட்டில் சோளம் தானியத்தைவிடத் தட்டைக்காகவே அதிகம் விதைக்கப்படுகிறது. அதனால் நமக்குக் கணக்கு இரண்டு இடங்களில் மாறுகிறது. ஒன்று, தேன்துளியும் கரும்பூசணமும் ஏறிய தட்டையை மாடு முகர்ந்துவிட்டுத் தள்ளும். மகசூல் குறையாவிட்டாலும் நட்டம் நட்டம்தான். இரண்டாவது, மருந்து அடித்த தட்டை அப்படியே பால்மாட்டின் வாய்க்குள் போகிறது. அமெரிக்க லேபிளில் சிவாண்டோவுக்குத் தானிய அறுவடைக்கு முன் 21 நாள், பசுந்தீவனத்துக்கு 7 நாள் என்று தனித்தனியாகவே போட்டிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்முக்குத் தானியத்துக்கு 14 நாள். அந்த எண்களை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அவை அந்தச் சரக்குக்கும் அந்த அளவுக்கும் உரியவை. நீங்கள் வாங்கும் டப்பாவின் லேபிளில் பயிர்ப் பட்டியலில் சோளம் இருக்கிறதா, காத்திருப்பு நாள் எத்தனை என்று இரண்டையும் பாருங்கள். சோளம் இல்லை என்றால் அந்தக் கடைக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் வாங்காதீர்கள். தீவனத்துக்கு நாள் போடவில்லை என்றால் அந்தத் தட்டையைத் தீவனமாக அறுக்காதீர்கள்.

வருகிற கார்த்திகையில் விதைக்கப் போகிறவர்கள் வாசலில் வைத்திருக்கும் படம் போட்ட அட்டையை ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் நான்கு கட்டம் காலியாக விட்டிருக்கிறது, வயலின் நான்கு பக்கத்துக்கு. தேதி போட்டு நிரப்புங்கள். அடுத்த முறை மருந்து கேட்டு யாரிடம் போனாலும் அதைக் கையில் கொண்டு போங்கள். இனி கேள்விகளைக் கேட்கலாம்.